விட்டுக்கொடுத்த லீவு

சார்ஜண்டின் பணி ஓய்வு விழாவுக்குக் குடும்பத்தோடு வரவேண்டும் என்று ராணுவ முகாமிலிருந்து அழைப்பு போனதும், அவர் மனைவி போனில் அவரிடம் சொன்ன முதல் வார்த்தை, "அந்தக் கமாண்டர் மூஞ்சிய ஒரு தடவையாவது நேர்ல பாக்கணும்" என்பதுதான்.

சார்ஜண்ட் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். "எதுக்கு?" என்றார்.

"எதுக்கா? பொண்டாட்டிக்கு ஆபரேஷன்னு நீங்க அவ்வளவு கெஞ்சியும் லீவு கிடையாதுன்னு சொன்ன மகராசன் எப்படி இருப்பார்னு பாக்க வேணாமா? சண்டையெல்லாம் போட மாட்டேன், பயப்படாதீங்க. பாத்துட்டு வந்துடறேன், அவ்வளவுதான்."

"ரொம்ப தூரம். ரெண்டு ரயில் மாறணும். நீ எதுக்கு அலையற? நான் முடிச்சிட்டு வந்துடறேனே."

"நல்லா இருக்கே! இத்தன வருஷம் அங்க என்னதான் பண்ணீங்கன்னு நானும் பொண்ணும் பாக்க வேணாமா?"

சார்ஜண்ட் போனை வைத்துவிட்டு, கையில் அழுக்கே இல்லாதபோதும் பழந்துணியை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

அந்த முகாமின் வண்டிப் பட்டறை அவருடைய பொறுப்பில் இருந்தது. லாரி, ஜீப், ஆம்புலன்ஸ் எதுவானாலும் ஒருமுறையாவது அவர் கையால் பிரித்துப் பூட்டியதாகத்தான் இருக்கும். காலையில் அவர் உள்ளே நுழைந்தால் பையன்கள் சிகரெட்டைக் காலில் போட்டு மிதிப்பார்கள். வழியில் எங்காவது வண்டி படுத்துக்கொண்டால் முதல் போன் அவருக்குத்தான் வரும். அவர் இல்லாமல் அங்கே எதுவும் ஓடாது என்று எல்லாரும் சொன்னார்கள். சொல்லச் சொல்ல அவரும் நம்பினார்.

வீட்டில் கதை வேறு. வீட்டில் அவர் ஒரு ஸ்டெப்னி டயர்.

இதை யாரும் சொல்லவில்லை, அவராகவே கண்டுபிடித்ததுதான். ஒருமுறை லீவில் வந்திருந்தபோது தண்ணீர் மோட்டார் இரைச்சல் போட்டது. அப்பாடா, நமக்கும் ஒரு வேலை கிடைத்தது என்று ஸ்பேனரோடு கிளம்பினார். மனைவி சமையலறையிலிருந்தே குரல் கொடுத்தாள். "அது அப்படித்தாங்க கத்தும். பேரிங் வாங்கி வெச்சிருக்கேன். ஞாயித்துக்கெழம நானே மாத்திடுவேன். நீங்க ரெஸ்ட் எடுங்க."

அவருக்கு ரெஸ்ட் எடுக்கத் தெரியாது. சமையலறை அலமாரியைப் பட்டறை அலமாரி மாதிரி அளவு வாரியாக அடுக்கிவைத்தார். மறுநாள் உப்பைத் தேடித் தேடி அலுத்துப்போன மனைவி, "நீங்க வந்தா எனக்கு ரெண்டு வேலை" என்று சிரித்தாள். மகள் கணக்கில் சந்தேகம் கேட்க, நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவரைச் சுற்றிக்கொண்டு அம்மாவிடம் போனாள். யார் மேலும் தப்பில்லை. அவர் இல்லாமலே ஓடப் பழகிய வீடு அது. ஓடித்தானே ஆகவேண்டும்? ஆனாலும் அவருக்குச் சுருக்கென்றது. லீவில் பாதி முடிவதற்குள் மனசு பட்டறைக்குப் போய்விடும்.

முதல் தடவை அவர் லீவை விட்டுக்கொடுத்தது நியாயமான காரியம்தான். ஒரு டிரைவரின் அப்பா சாகக் கிடந்தார். இரண்டு பேரில் ஒருவரைத்தான் அனுப்ப முடியும் என்ற நிலை. சார்ஜண்ட் தன் முறையை அவனுக்குக் கொடுத்தார். முகாமே அவரைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடியது. "தர்மப்பிரபு" என்று பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டதும் அப்போதுதான்.

மனைவியிடம் உள்ளதைச் சொல்லியிருக்கலாம். கோபப்பட்டிருப்பாள், பிறகு ஒத்துக்கொண்டிருப்பாள். ஆனால் நடுவில் "அப்ப நாங்க?" என்று ஒரு கேள்வி வருமே, அதற்குப் பயந்து, "லீவு கேன்சல் ஆயிடுச்சும்மா. மேல ஒத்துக்கல" என்று சொல்லிவைத்தார். அவள் மேலே இருந்தவர்களைத் திட்டித் தீர்த்தாள். அவரும் கூடச் சேர்ந்து திட்டினார். இந்தப் பக்கம் கொடைவள்ளல், அந்தப் பக்கம் பாவப்பட்ட புருஷன். இரண்டுமே இனித்தன. அடுத்த தடவை யாரும் கேட்காமலே கொடுத்தார். அப்படியே பழகிப்போயிற்று.

அந்தப் பழக்கத்தில்தான் மனைவியின் ஆபரேஷன் வந்து நின்றது. கர்ப்பப்பையில் கட்டி, எடுத்தே தீரவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சார்ஜண்டுக்கு லீவு கையெழுத்தாகிவிட்டது, டிக்கெட்டும் போட்டாகிவிட்டது. கிளம்பும் வாரத்தில் ஒரு சின்ன டிரைவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு டயர் மாற்றிக்கொண்டிருந்தான். தங்கைக்குக் கல்யாணம், லீவு கிடைக்கவில்லை. அவன் வாய்திறந்து கேட்கக்கூட இல்லை. சார்ஜண்டே கூப்பிட்டு, "என் லீவ நீ எடுத்துக்கடா" என்றார்.

கமாண்டருக்கு ஆச்சரியம். "உங்க மனைவிக்கு ஆபரேஷன்னு சொன்னீங்களே?"

"அவளே சொல்லிட்டா சார். எங்கண்ணன் இருக்கார், நான் பாத்துக்கறேன், பாவம் அந்தப் பையன அனுப்புங்கன்னுட்டா." நாக்கு கூசாமல் வந்தது.

வீட்டுக்குப் போன் செய்து லீவு கிடைக்கவில்லை என்றார். அவளோ, "நீங்க என்ன பண்ணுவீங்க, விடுங்க. மனசப் போட்டு அலட்டிக்காதீங்க" என்று அவருக்கே ஆறுதல் சொன்னாள்.

அந்த ஆறுதலோடு விஷயம் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் கூட இருந்த அவளுடைய அண்ணன், "ஊர்ல எல்லாருக்கும் கிடைக்கிற லீவு இவருக்கு மட்டும் கிடைக்காதா? வர மனசில்ல, அதான்" என்று சொல்லியிருக்கிறார். தையல்கூடப் பிரிக்காமல் படுத்திருந்தவள், "என் புருஷனப் பத்திப் பேசறதா இருந்தா வெளிய போண்ணே" என்றுவிட்டாள். அண்ணன் எழுந்து போய்விட்டார். அன்றோடு பேச்சு அறுந்தது. ஒரே ஊர்தான், நாலு தெரு தள்ளித்தான் வீடு. கடைத்தெருவில் எதிரே வந்தால் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு போவார்கள். சார்ஜண்ட் லீவில் வரும்போது மனைவி இதைப் பெருமையாகவே சொல்வாள். "உங்கள ஒரு வார்த்த சொன்னா எனக்குத் தாங்காது." அவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

விழா நாளும் வந்தது. மனைவியும் மகளும் மண்டபத்துக்குள் நுழைந்தபோது பட்டறைப் பையன்கள், "தர்மப்பிரபு வீட்ல வந்தாச்சு!" என்று முன்வரிசை நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள்.

"இதென்னங்க பேரு?" என்று மனைவி அவரிடம் கிசுகிசுத்தாள். "ஒரு டம்ளர் இடம் மாறினா வீட்டையே ரெண்டாக்கற ஆளுக்கா?"

"சும்மா கிண்டல் பண்றானுங்க" என்று சொல்லிவிட்டு மேடைக்கு நழுவினார்.

கமாண்டர் பேச எழுந்தார். கடுகடுப்பான ஆள் என்று அவள் நினைத்திருந்தவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, குழந்தைக்குக் கதை சொல்வது போல நிதானமாகப் பேசினார். பட்டறையைப் பற்றிச் சொன்னார், வண்டிகளைப் பற்றிச் சொன்னார். பிறகு, "ஆனா இவர் வேலையப் பத்தி யார் வேணும்னாலும் சொல்லுவாங்க. நான் இவர் மனசப் பத்திச் சொல்றேன்" என்றார்.

சார்ஜண்டுக்கு எழுந்து ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

"கையெழுத்தான லீவ யாராவது விட்டுக்கொடுப்பாங்களா? இவர் கொடுத்தார். ஒரு தடவ இல்ல, எத்தனையோ தடவ. தன் மனைவிக்கு ஆபரேஷன்னு லீவு வாங்கிட்டு, அதையும் ஒரு பையன் தங்கச்சி கல்யாணத்துக்குன்னு கொடுத்துட்டார். நானே கூப்பிட்டுக் கேட்டேன். 'என் மனைவிதான் சார் கொடுக்கச் சொன்னா'ன்னார். அன்னைலேருந்து அந்தம்மாவப் பாக்கணும்னு எனக்கு ஆச. இன்னைக்கு வந்திருக்காங்க. தயவுசெஞ்சு எழுந்து நிக்கணும்மா."

மண்டபமே கைதட்டியது. கூட்டத்தோடு சேர்ந்து தட்ட ஆரம்பித்த மகள், பாதியில் நிறுத்தி, அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

மனைவி எழுந்து நின்றாள். "இல்லீங்க, எனக்குத் தெரியாது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், புருஷன் மானம் அங்கேயே கப்பலேறியிருக்கும். அவள் சொல்லவில்லை. கமாண்டர் இறங்கிவந்து பூங்கொத்தைக் கொடுத்தபோது, "நன்றிங்க" என்று வாங்கிக்கொண்டாள். அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றே அத்தனை தூரம் வந்தவள், அந்த முகத்தை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. மேடைப் பக்கமும் பார்க்கவில்லை. கையில் கேடயத்தோடு நின்ற சார்ஜண்டுக்கு, அத்தனை பேருக்கு முன்னால் உடுப்பில்லாமல் நிற்பது போல உடம்பு கூசியது.

சாப்பாட்டு மேஜையிலும் விடவில்லை. அந்தச் சின்ன டிரைவர், இப்போது மீசை வைத்த ஆளாக, தட்டோடு வந்து நின்றான். "அண்ணி, உங்களாலதான் என் தங்கச்சி கல்யாணத்த நான் கண்ணால பாத்தேன். சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்."

"தங்கச்சி நல்லா இருக்காளாப்பா?"

"ரெண்டு குழந்தைங்க அண்ணி."

"நல்லா இருக்கட்டும்" என்றாள். மனசாரத்தான் சொன்னாள். பக்கத்தில் இருந்த சார்ஜண்ட் பாதிச் சாப்பாட்டோடு தட்டைத் தள்ளிவைத்தார்.

திரும்பும் ரயிலில் மகள் மேல் படுக்கையில் ஏறிச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். திட்டுவாள், அழுவாள் என்று அவர் காத்திருந்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது. வெகுநேரம் கழித்து அவள் கேட்டது ஒரே கேள்விதான்.

"எனக்கு ஆபரேஷன் ஆன அன்னைக்கு நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

என்ஜின் இறக்கிக்கொண்டிருந்தேன், வேலை தலைக்கு மேல் இருந்தது என்று ஒரு பொய் தயாராக வந்து நின்றது. அதைச் சொல்ல அவருக்கே அருவருப்பாக இருந்தது.

"காலைல பட்டறை. நல்லபடியா முடிஞ்சுதுன்னு போன் வந்ததும்... சாயங்காலம் வாலிபால் ஆடினோம்."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். "ஜெயிச்சீங்களா?"

"ஜெயிச்சோம்."



வீட்டுக்கு வந்ததும் மகளைத் தனியாகப் பிடித்து ஏதோ சொல்லப் பார்த்தார். அவள் கையைக் காட்டித் தடுத்துவிட்டாள். "எங்கிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம்ப்பா. அப்ப எங்க டீச்சர், அம்மாவுக்கு ஆபரேஷன்னா அப்பா எங்கன்னு கேட்டாங்க. எங்கப்பாவ விட மாட்டேங்கறாங்கன்னு கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் அழுதேன். எல்லாரும் எனக்காகப் பாவப்பட்டாங்க. அத நினைச்சாத்தான் இப்ப கேவலமா இருக்கு." அழுதது மகள், கேவலப்பட வேண்டியவர் அவர். இப்படி இடம் மாறிப்போனதைச் சரிசெய்ய அவரிடம் எந்தக் கருவியும் இல்லை.

மனைவி வழக்கம்போலச் சமைத்தாள், பரிமாறினாள். மூன்றாம் நாள் காலையில் அவர் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"எங்கண்ணன் வீட்டுப் பக்கம் போக எனக்கு மூஞ்சி இல்ல. நீங்க போங்க. நீங்க சொன்னதுதான் சரின்னு உங்க வாயால அவர்கிட்ட சொல்லுங்க. வேற எதுவும் நான் உங்ககிட்ட கேக்கல."

மச்சான் மெத்தைக் கடை வைத்திருந்தார். கடை முழுக்கப் பஞ்சு பறந்தது. அவர் புருவத்திலும் காதோரத்திலும் பஞ்சு ஒட்டி, அந்த வயதுக்கு அதிகமாகவே நரைத்த மாதிரி இருந்தார். நீள ஊசியால் ஒரு மெத்தையின் ஓரத்தைத் தைத்துக்கொண்டிருந்தவர், வாசலில் சார்ஜண்டைப் பார்த்ததும் பதறி எழுந்தார்.

"வாங்க மாப்ள. உட்காருங்க, உட்காருங்க."

உட்கார அங்கே மெத்தையைத் தவிர வேறொன்றும் இல்லை. உட்கார்ந்ததும் பொதுக்கென்று உள்ளே இறங்கி, முட்டி இரண்டும் மார்புக்கு வந்துவிட்டது. சொல்ல வந்த விஷயத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத இருக்கை.

"மச்சான், ஆஸ்பத்திரியில நீங்க ஒண்ணு சொன்னீங்களே..."

"அதையேன் மாப்ள இப்ப?" மச்சான் முந்திக்கொண்டார். "அது கோபத்துல வாய் தவறி வந்தது. நானே உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு இருந்தேன். ஒரு மனுஷன் குடும்பத்த விட்டுட்டு, எங்கேயோ குளிர்லயும் வெயில்லயும் கிடக்கறார், அவரப் போய் அப்படிச் சொல்லிட்டமேன்னு எத்தன நாள் தூக்கம் கெட்டிருக்கேன் தெரியுமா? நீங்க லீவுல வந்திருக்கீங்கன்னு தெரிஞ்சா, உங்க மூஞ்சில முழிக்கக் கூசிக்கிட்டு கடையக்கூடத் திறக்க மாட்டேன்."

சார்ஜண்ட் திட்டு வாங்கத் தயாராக வந்திருந்தார். இதற்குத் தயாராக வரவில்லை. தான் படவேண்டிய கூச்சத்தை இந்த மனுஷன் அல்லவா இத்தனை வருஷம் சுமந்திருக்கிறார்!

"வாய் தவறல மச்சான். நீங்க சொன்னதுதான் நெசம். லீவு கிடைச்சுது. நான்தான் வேற ஒருத்தனுக்குக் கொடுத்தேன். உங்க தங்கச்சிக்கு இப்பத்தான் தெரியும்."

மச்சான் ஊசியை மெத்தையில் குத்திவைத்தார்.

"எழுந்திருங்க" என்றார்.

"மச்சான்..."

"அது வித்த மெத்த. எழுந்திருங்க."

எழுந்திருப்பதும் சுலபமாக இல்லை. கையை ஊன்றினால் கையும் உள்ளே போனது. மச்சான் கைகொடுக்கவில்லை. ஒருவழியாகத் தட்டுத்தடுமாறி எழுந்து வெளியே வந்ததும், மச்சான் கடைக் கதவை இழுத்துப் பூட்டினார். பூட்டியவர் இவரைக் கூப்பிடாமல், திரும்பியும் பார்க்காமல், தங்கை வீட்டை நோக்கி விறுவிறுவென்று நடந்தார். சார்ஜண்ட் பத்தடி தள்ளிப் பின்னாலேயே போனார்.

கதவைத் திறந்தவள் அண்ணனைப் பார்த்ததும், "உடம்பெல்லாம் பஞ்சு" என்றாள். அவர் உள்ளே போனார். சார்ஜண்ட் வெளியிலேயே, மகளின் சைக்கிள் பக்கத்தில் நின்றுகொண்டார். உள்ளே முதலில் அழுகை கேட்டது. அப்புறம் பேச்சு. அப்புறம் ஒருதரம் சிரிப்புச் சத்தம்கூடக் கேட்டது. சிரிப்பது தன்னைப் பற்றியா வேறெதைப் பற்றியா என்று தெரியவில்லை. எதைப் பற்றியானாலும் சரி, அந்தச் சிரிப்பு இத்தனை வருஷம் இந்த வீட்டில் இல்லாமல் போனதற்குக் காரணம் யார் என்பது தெரியும். உள்ளே போக அவருக்குக் கால் வரவில்லை.

அதன் பிறகு மச்சான் அடிக்கடி வந்தார். சார்ஜண்டிடம் "என்ன மாப்ள" என்பார், அதோடு சரி. மகள் கேட்டதற்குப் பதில் சொன்னாள். மனைவியோ எப்போதும் போலத்தான் இருந்தாள். ஆனால் வெளியார் யாராவது அவரைப் பற்றிப் பெருமையாகப் பேசினால் மட்டும் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

மழை தொடங்கிய சமயம் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. மகள் கல்லூரி விடுதியில் இருந்தாள். மச்சான் பஞ்சு வாங்க வெளியூர் போயிருந்தார். வீட்டில் இவர் ஒருவர்தான். தெர்மாமீட்டரை உதறியவர், போதுமா என்று தெரியாமல் மறுபடி மறுபடி உதறிக்கொண்டே இருந்தார்.

அவள் படுத்தபடியே கவனித்தாள். "பயமா இருக்கா?"

"இருக்கு."

"எதுக்கு?"

"நீ படுத்து நான் பாத்ததில்ல." சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. "அன்னைக்கும் அதுதான். பட்டறைல எது கெட்டாலும் எனக்குத் தெரியும். இங்க வந்தா ஒண்ணுமே தெரியாது. ஆஸ்பத்திரிக்கு வந்து உனக்கு இடைஞ்சலாத்தான் நிப்பேன்னு தோணுச்சு. அந்தப் பையன் கிடைச்சான், கொடுத்துட்டேன். பயந்துட்டேன்."

"எனக்கும்தான் பயம்" என்றாள். "நான் யார்கிட்ட லீவு கேக்கறது?"

அவர் ஈரத்துணியைப் பிழிந்து நெற்றியில் போட்டார். அவள் தடுக்கவில்லை, கண்ணைத் திறக்கவும் இல்லை.

காய்ச்சல் விட்டுவிட்டு வந்ததால் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வரிசையில் நாற்காலிகள், எல்லாவற்றிலும் ஆட்கள். மேஜையில் இருந்த நர்ஸ் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டே வந்தாள். முன்னால் ஏதாவது ஆபரேஷன் நடந்திருக்கிறதா என்று கேட்டாள். மனைவி விவரம் சொன்னாள்.

நர்ஸ் சார்ஜண்டை நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப மயக்க மருந்து ஒத்துக்கிச்சா சார்? கூட இருந்தது நீங்கதானே?"

"இல்லம்மா, அவர் ராணுவத்துல இருந்தார்" என்று மனைவி குறுக்கே வந்தாள். பல வருஷம் ஊராரிடம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வார்த்தை, அவளையும் அறியாமல் வந்துவிட்டது. "அவருக்கு அப்ப லீவு கிடைக்க..."

"கிடைச்சுதும்மா" என்றார் சார்ஜண்ட். குரல் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. வரிசையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். "லீவு கிடைச்சுது. நான் வரல. கூட இருந்தது அவங்க அண்ணன்."

நர்ஸ் பேனாவை உருட்டினாள். மனைவி அவரை ஒருமுறை பார்த்துவிட்டு, நர்ஸ் பக்கம் திரும்பினாள்.

"மயக்க மருந்து ஒத்துக்கிச்சு. அடுத்தது கேளுங்க" என்றாள்.